சின்னத்தை விட்டு இலக்கணத்தை எடுத்தல்: பிரௌன் பாணியில் ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு மேசை விளக்கு, சில பெட்டிகள்

புகழ்பெற்ற ஒரு நிறுவனத்தின் தோற்றத்தைத் தழுவி வீட்டுப் பொருள் செய்ய முனைபவர்கள் பெரும்பாலும் அதன் சின்னத்திலும் நிறத்திலுமே தொடங்குகிறார்கள். எனக்கு அந்த இரண்டும் கடைசியில் கைவைக்க வேண்டியவை என்றே தோன்றுகிறது. சின்னம் அந்த நிறுவனத்தின் சொத்து; எடுத்தால் அது தழுவல் ஆகாது, நகல் ஆகிவிடும். நிறமோ எந்த இடத்தில், எந்த வேலைக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பிரித்துவிட்டால் வெறும் வண்ணப்பூச்சுதான். இவை இரண்டையும் நீக்கிய பிறகும் ஒரு பொருளைப் பார்த்தவுடன் 'இது இன்னாருடைய பாணி' என்று சொல்ல முடிகிறது என்றால், அப்படிச் சொல்லவைப்பது எதுவோ அதைத்தான் எடுக்க வேண்டும். அதை இங்கே இலக்கணம் என்று குறிப்பிடுகிறேன். ஜெர்மானிய மின்சாதன நிறுவனமான பிரௌனின் 1955 முதல் 1980கள் வரையிலான பொருள்களை மாதிரியாகக் கொண்டு, ஒரு சுவர்க் கடிகாரமும் ஒரு மேசை விளக்கும் சில சிறு பெட்டிகளும் செய்த பணியின் பதிவு இது.

பிரௌனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதன் தோற்ற ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்பது தெளிவாகத் தெரிவதுதான். 1921இல் பிராங்க்ஃபர்ட்டில் மாக்ஸ் பிரௌன் தொடங்கிய நிறுவனம், 1951இல் அவர் இறந்தபின் ஆர்ட்டூர், எர்வின் என்ற இரு மகன்களின் கைக்கு வந்தது. அவர்கள் 1953இல் தொடங்கப்பட்டிருந்த ஊல்ம் வடிவமைப்புப் பள்ளியை அணுகினார்கள். அங்கிருந்து வடிவமைப்பாளர்கள் ஹான்ஸ் குகெலோட்டும் ஓட்டல் ஐஹரும் வந்தனர். 1955இல் டீட்டர் ராம்ஸ் பணியில் சேர்ந்தார். ராம்ஸ் கட்டடக் கலையும் உள்ளரங்க வடிவமைப்பும் பயின்றவர் என்பது அவருடைய பொருள்களைப் பார்த்தாலே தெரியும்: ஒவ்வொன்றும் ஓர் அறைக்குள் சத்தமில்லாமல் இருக்க வேண்டிய பொருளாகவே எண்ணப்பட்டிருக்கிறது. 1961 முதல் 1995 வரை அவரே வடிவமைப்புத் துறையின் தலைவராக இருந்ததால், வானொலி, கணிப்பான், முகச்சவரக் கருவி எனப் பொருள் மாறினாலும் பேச்சு மாறவில்லை. நடு எழுத்து மட்டும் உயர்ந்து நிற்கும் அந்தச் சின்னம் 1934இலேயே வில் மூன்ஹ் வரைந்தது. 1952இல் வொல்ஃப்காங் ஷ்மிட்டல் அதைக் கட்டக் கோடுகளுக்குள் ஒழுங்குபடுத்தினார். ஆக, சின்னம் முன்னரே இருந்தது. நாம் இன்று பிரௌன் பாணி என்று சொல்வது அதற்குப் பின்னர்தான் பிறந்தது. சின்னத்திலிருந்து தொடங்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

வரையத் தொடங்குமுன் பழைய பொருள்களின் நேர்முகப் படங்களை இங்க்ஸ்கேப் மென்பொருளில் ஏற்றி, அவற்றின்மேல் வழிகாட்டிக் கோடுகள் இழுத்துப் பார்த்தேன். இந்த வேலைக்கு எத்தனை நேரம் கொடுத்தாலும் வீணாகாது. கண்ணுக்கு எளிமையாகத் தெரியும் முகப்பில் எத்தனை விளிம்புகள் ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன என்பது கோடு இழுத்தால்தான் புலப்படும். 1958இல் வந்த டி 3 கைவானொலியில் ஒலிபெருக்கித் துளைகள் சதுரக் கட்டமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அதன் கீழே விரலால் சுற்றும் ஒரு வட்டத் திருகு. அவ்வளவுதான் முகப்பு. 1987இல் டீட்ரிச் லூப்ஸும் ராம்ஸும் வடிவமைத்த ஈடி 66 கணிப்பானில் விசைகள் குழிந்திராமல் மேடாகப் புடைத்திருக்கின்றன. ஒவ்வொரு விசையின் உச்சியிலும் ஒளி தனித்தனியாகப் படுவதால், பார்க்கும்போது விசைகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. தொடும்போது விரல் நடுவைத் தானே கண்டுகொள்கிறது. மஞ்சள் நிறம் அங்கே சமக்குறி விசையில்தான் இருக்கிறது, ஏனென்றால் கை கடைசியாகப் போய்ச் சேர வேண்டிய இடம் அது. இப்படிப் பார்த்து நான் குறித்துக்கொண்ட விதிகள் சிலவே. வட்டம், செவ்வகம் தவிர வேறு வடிவம் வேண்டாம். எழுத்து சிறியதாக, தான் விளக்கும் உறுப்பை ஒட்டி இருக்கட்டும். உடல் முழுவதும் வெண்மை, சாம்பல், கறுப்பு. பளிச்சென்ற நிறம் ஒரு வேலையைச் செய்யும் ஓர் உறுப்புக்கு மட்டும். துளையோ வரியோ இருந்தால் அதன் பின்னால் ஒரு காரணம் இருக்க வேண்டும்.

கடைசி விதிக்கு 1956இல் வந்த எஸ்கே 4 வானொலி-இசைத்தட்டுப் பெட்டியை நினைத்துக்கொள்ளலாம். 'ஸ்னோ ஒயிட்டின் சவப்பெட்டி' என்று மக்கள் கேலியாகப் பெயர் வைத்த அந்த ஒளிபுகு மூடி, உலோக மூடி ஒலியில் அதிர்ந்ததால்தான் பிளெக்சிகிளாசுக்கு மாறியது. பின்னால் பலரும் அந்த மூடியைத் தோற்றத்துக்காகவே வைத்தார்கள்.

நகலுக்கும் தழுவலுக்கும் இடையே உள்ள எல்லையையும் இங்கேயே பேசிவிட வேண்டும். பெயரும் சின்னமும் வணிகக் குறியாகப் பாதுகாக்கப்பட்டவை. புதுப்பித்துக்கொண்டே இருந்தால் அந்தப் பாதுகாப்புக்கு முடிவில்லை. பொருளின் தோற்றத்தைப் பதிவு செய்தால் கிடைக்கும் உரிமைக்குக் கால வரம்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது ஐந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டு அதிகபட்சம் 25 ஆண்டுகள். அந்தக் காலம் முடிந்துவிட்டதே என்று ஒரு பொருளை அச்சாக வார்த்து விற்றால் வேறு சட்டங்கள் குறுக்கே வரலாம். பெரிய நிறுவனங்களே இதில் மாட்டியிருக்கின்றன. ஹான்ஸ் ஹில்ஃபிகர் 1944இல் வடிவமைத்த சுவிஸ் ரயில்வே கடிகாரத்தின் முகத்தை ஆப்பிள் 2012இல் ஐபேடு கடிகாரச் செயலியில் அனுமதியின்றிப் பயன்படுத்தி, பின்னர் ரயில்வேயிடம் உரிமம் பெற வேண்டியதாயிற்று. அதே ஆப்பிளின் கைப்பேசிக் கணிப்பானில் ஈடி 66இன் சாயல் வெளிப்படையாகத் தெரிந்தபோது அது பாராட்டாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. முகத்தை அப்படியே எடுத்ததற்கும் விசையின் இயல்பை எடுத்ததற்கும் இடையிலான தொலைவு அது. ஜெர்மனியில் 1977 முதல் அப்பட்டமான நகல்களுக்கு ஒரு கேலிப் பரிசே வழங்கப்படுகிறது: தன்னுடைய தராசின் நகலைக் கண்டு கொதித்த வடிவமைப்பாளர் ரீடோ புஸ்ஸே தொடங்கிய அந்தப் பரிசு, தங்க மூக்கு வைத்த கறுப்புக் குள்ளன் பொம்மை. வீட்டுக்குள் வைத்துக்கொள்ள ஒன்று செய்வதற்கு யாரும் குள்ளனை அனுப்பப்போவதில்லை என்றாலும், விற்பவருக்கு உள்ள எல்லையையே எனக்கும் வைத்துக்கொண்டேன். எந்தப் பொருளிலும் பிரௌன் பெயர் வராது. முன்முகத்தில் என் பெயரும் வராது.

முதலில் கடிகாரம். லூப்ஸ் வடிவமைத்த சுவர்க் கடிகாரங்கள் இருப்பதால் முன்மாதிரிக்குப் பஞ்சமில்லை, அதனாலேயே இது ஆபத்தான பொருள். முன்மாதிரி கண் முன்னால் இருந்தால் கை தானாக அதை வரைந்துவிடும். ஆகவே எந்தக் கடிகாரத்தின் அளவையும் எடுத்துக்கொள்ளாமல் முகத்தின் விட்டத்தை என் முப்பரிமாண அச்சியந்திரத்தின் தட்டுக்கு ஏற்ப 200 மில்லிமீட்டர் என வைத்து, மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து கணக்கிட்டேன். நிமிடக் கோடுகள் 6 பாகைக்கு ஒன்றாக அறுபது. ஐந்து நிமிடக் கோடுகளின் தடிமன் 1.2 மி.மீ., மற்றவை 0.6 மி.மீ. கோடுகளின் வெளி நுனிகள் எல்லாம் ஒரே வட்டத்தில் நிற்க, உள் நுனியில் மட்டும் நீளம் வேறுபடும்படி வரைந்தால் முகத்தின் எல்லை தெளிவாக இருக்கிறது. மாற்றிச் செய்தால் விளிம்பு பல்பல்லாகத் தெரிகிறது.

எண்களின் உயரம் 14 மி.மீ. பெயர்ப்பலகை எழுதுபவர்கள் 3 மீட்டர் தொலைவுக்கு ஏறத்தாழ 25 மி.மீ. உயரம் என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அதன்படி இந்த எண்கள் சிறியவை. ஆனால் கடிகாரத்தை யாரும் எண்ணைப் படித்து மணி பார்ப்பதில்லை. முள்ளின் கோணத்தைத்தான் பார்க்கிறோம். எண் அருகில் வந்தவருக்கான துணை. எண்ணைச் சிறிதாக்கியதும் முள்ளுக்கு இடம் கிடைத்தது. முள்ளுக்கு இடம் கிடைத்ததும் தொலைவிலிருந்து மணி பார்ப்பது எளிதாயிற்று.

எண்களை வட்டத்தில் நிறுத்துவதுதான் இந்த முகப்பில் மிக நுணுக்கமான வேலை. மென்பொருள் ஒவ்வோர் எண்ணையும் சுற்றியுள்ள கற்பனைப் பெட்டியின் நடுவை வைத்து நிறுத்துகிறது. கண் அப்படிப் பார்ப்பதில்லை. 10, 11, 12 ஆகியவற்றில் முதலில் வரும் 1 என்ற எண்ணின் இடப்பக்கம் வெற்றிடம் மிகுதி. அதனால் 12 மேலே வலப்பக்கம் சாய்ந்ததுபோல் தெரிகிறது. 11இல் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு மூன்றாவது கோடு நிற்கும் அளவு இடைவெளி விழுகிறது, ஏனென்றால் அட்டவணைக்கென எல்லா எண்களுக்கும் ஒரே அகலம் கொடுத்த எழுத்துரு அது. ஒவ்வோர் இரட்டை எண்ணிலும் உள் இடைவெளியைக் குறைத்து, மையின் எடை எந்தப் பக்கம் கூடுதல் என்று பார்த்து, அரை மி.மீ.க்கும் குறைவாக நகர்த்தி நகர்த்தி நிறுத்தினேன். தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்ப்பது நல்ல சோதனை: எண்ணாகப் படிக்க முடியாதபோது அதன் கனம் மட்டும் கண்ணில் படும். பிரௌன் பொருள்களில் அக்சிடென்ஸ் குரோட்டெஸ்க் எழுத்துருதான் நீண்டகாலம் புழங்கியது. உரிமம் வாங்க விரும்பாதவர்களுக்கு டெக் கைர் ஹீரோஸ் போன்ற கட்டற்ற எழுத்துரு போதும். இந்த அளவில், இந்தத் தொலைவில், எழுத்துருவின் பெயரைவிட இடைவெளியே பேசுகிறது.

முகத்துக்கு 3 மி.மீ. அக்ரிலிக் தகட்டைத் தேர்ந்தேன். வினைல் ஒட்டுத்தாளை வெட்டி ஒட்டலாம் என்றால் 0.6 மி.மீ. கோடு வெட்டும் கத்தியிலேயே சுருண்டு வந்துவிடுகிறது. லேசர் அச்சின் கருமை மங்கலான தாளின்மேல் பளபளக்கிறது. புற ஊதா ஒளியில் உலரும் மையில் அச்சிட்டுத் தரச் சொன்னதே சரியாக அமைந்தது; கோடுகள் கூர்மையாக இருப்பதோடு, விரலால் தடவினால் மிக மெல்லிய மேடாகவும் உணர முடிகிறது.

முட்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடைகளில் கிடைக்கும் குவார்ட்ஸ் பொறியோடு வரும் முட்களின் நடுக் குழலை மட்டும் வெட்டி எடுத்து, 0.5 மி.மீ. அலுமினியத் தகட்டில் அறுத்த நேர்விளிம்பு முட்களின் பின்புறம் ஒட்டினேன். குழலின் உள்விட்டம் பொறிக்குப் பொறி மாறும் என்பதால் அதைத் தனியாகத் தேடி வாங்குவதைவிட இதுவே நம்பகமான வழி. நிமிட முள்ளின் நுனி நிமிடக் கோட்டின் உள் நுனியைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். மணி முள் எண்ணுக்குச் சற்று முன்னரே முடிய வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் முட்களின் அகலத்தில் கொஞ்சம் தாராளம் காட்டலாம்.

வினாடி முள் மஞ்சள். இங்கே ஒரு தயக்கம் இருந்தது. வெண்ணிற முகத்தின்மேல் மஞ்சளுக்கு எடுப்பு குறைவு. கறுப்பு முகத்தில்தான் அது துள்ளும். முகத்தைக் கறுப்பாக்கலாமா என்று வரைந்தும் பார்த்தேன். ஆனால் வினாடி என்பது அறையின் மறுகோடியிலிருந்து யாரும் பார்க்க வேண்டிய தகவல் அன்று. தேவை குறைந்த தகவல் தொலைவில் அடங்கியிருந்து, அருகில் வந்தால் மட்டும் தெரிவது குறையல்ல, ஒழுங்கு. எனவே முகம் ரால் 9002 சாம்பல் வெண்மை, மணி முள்ளும் நிமிட முள்ளும் கறுப்பு, வினாடி முள் ரால் 1004 பொன்மஞ்சள் என்று முடிவாயிற்று. ஜெர்மனியில் 1927இல் தொடங்கிய ரால் வண்ண எண்களைப் பயன்படுத்துவதில் ஒரு வசதி உண்டு: எந்த வண்ணக் கடையிலும் எண்ணைச் சொன்னால் போதும், திரையில் பார்த்த நிறத்தை வாயால் விளக்க வேண்டியதில்லை.

அந்த முள்ளுக்கு வண்ணம் பூசும்போது எடையை மறக்கக்கூடாது. குவார்ட்ஸ் பொறியின் விசை மிகச் சிறியது. முள் 9 மணி இருக்கும் இடத்தில் கிடைமட்டமாகக் கிடந்து மேலே ஏற வேண்டிய நிலையில்தான் அதற்குச் சுமை அதிகம். மின்கலம் தளரும் காலத்தில் கடிகாரம் அங்கேதான் துடித்துக்கொண்டு நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். முள்ளின் வாலைக் கொஞ்சம் நீட்டி, ஓர் ஊசி முனையில் வைத்தால் இரு பக்கமும் சமமாக நிற்கும்படி வாலை அகலமாக்கி, அதன்பிறகே மிக மெல்லிய ஒரு பூச்சு கொடுத்தேன். துடித்து நகரும் பொறிக்குப் பதிலாக வழுக்கி நகரும் பொறியைப் போட்டதற்கு அமைதி மட்டும் காரணமில்லை. துடித்து நகரும் முள், பற்சக்கரங்களின் தளர்வால் சில இடங்களில் கோட்டின்மேலும் சில இடங்களில் கோட்டுக்குப் பக்கத்திலும் நிற்கும். கோடுகளை இவ்வளவு கவனமாக வரைந்த முகத்தில் அது கண்ணை உறுத்தும். வழுக்கும் பொறி சற்றுக் கூடுதலாக மின்சாரம் குடிக்கும், அவ்வளவே.

வெளி வளையத்தைப் பி.எல்.ஏ என்ற நெகிழி இழையில் அச்சிட்டேன். முப்பரிமாண அச்சில் இந்தப் பாணிக்குப் பெரிய எதிரி மேல் விளிம்பின் வளைவுதான். பக்கச் சுவரில் 0.2 மி.மீ. அடுக்குகள் தெரியாமல் போகும். விளிம்பு மேலே படுத்து வளையும் இடத்தில் அதே அடுக்குகள் படிக்கட்டாகத் தெரியும். நிரப்புப் பூச்சு அடித்து, 240, 400 எண் உப்புத்தாளால் நீர் தொட்டுத் தேய்த்து, அறையை இருட்டாக்கி, கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் வழவழப்பாகத் தெரிந்த பரப்பு அப்போது உண்மையைச் சொல்லும். கடைசிப் பூச்சை வழக்கமான தொலைவைவிடத் தள்ளி நின்று தெளித்தால், வண்ணத் துளிகள் காற்றிலேயே பாதி உலர்ந்து வந்து படிந்து, நுண்ணிய மணல்போன்ற சொரசொரப்பு கிடைக்கிறது. பழைய பிரௌன் பொருள்களின் நெகிழி உடலில் வார்ப்பச்சிலேயே கொடுக்கப்பட்ட மங்கலான மேற்பரப்புக்கு வீட்டில் எட்டக்கூடிய மிக அருகிய வழி இது. இந்தச் சொரசொரப்பு வந்தபிறகே வளையம் அச்சில் செய்ததுபோல் தெரிவது நின்றது. முகத்தின்மேல் கண்ணாடி வைக்கவில்லை. எதிரொளிப்பைவிடத் தூசு துடைப்பது மேல்.

அடுத்தது விளக்கு. பிரௌனின் புகழ்பெற்ற பொருள்களில் மேசை விளக்கு இல்லை. அதனாலேயே அதைத் தேர்ந்தேன். முன்மாதிரி கண் முன்னால் இல்லாத ஒரு பொருளை நிறுவனத்தின் விதிகளை மட்டும் வைத்துச் செய்ய முடிகிறதா என்பதுதான் இலக்கணம் கைக்கு வந்ததா என்பதற்குச் சோதனை. உருவம் மிக எளிது: 120 மி.மீ. சதுர அடிப்பெட்டி, அதன் ஒரு மூலையை ஒட்டி எழும் 12 மி.மீ. அலுமினியக் குழாய், மேலே கிடைமட்டமாக ஒரு செவ்வகத் தலை. குழாயின் மையமும் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் திருகின் மையமும் தலையின் விளிம்பும் ஒரே கட்டக் கோட்டில் விழும்படி வரைந்தேன். மூலை வளைவுகளில் ஒரு கணக்கு உண்டு: உள் வளைவின் ஆரம் வெளி வளைவின் ஆரத்திலிருந்து சுவரின் தடிமனைக் கழித்ததாக இருக்க வேண்டும். 6 மி.மீ. வெளி வளைவும் 2 மி.மீ. சுவரும் என்றால் உள்ளே 4. இரண்டுக்கும் ஒரே ஆரம் கொடுத்தால் மூலையில் சுவர் தடித்துக் காணும். காரணம் தெரியாமலே பார்ப்பவருக்கு அது மலிவாகத் தோன்றும்.

துளைக் கட்டத்தை எங்கே வைப்பது என்பதில்தான் நெடுநேரம் நின்றேன். டி 3 வானொலியின் துளைகளை அடிப்பெட்டியின் முகப்பில் வைத்தால் விளக்கு உடனே 'பிரௌனாக' மாறிவிடுகிறது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஒலிபெருக்கியும் இல்லை, வெப்பமும் இல்லை. அங்கே துளையிடுவது மாறுவேடம் போடுவது. வெப்பம் இருப்பது தலையில், எல்.இ.டி பட்டை ஒட்டப்பட்டுள்ள அலுமினியச் சட்டத்துக்கு மேலே. ஆகவே துளைகள் அங்கே போயின: 2 மி.மீ. விட்டம், 4 மி.மீ. இடைவெளி, சட்டம் எந்த அளவுக்கு நீள்கிறதோ அந்த அளவுக்கு மட்டும். நின்று பார்ப்பவருக்கே தெரியும் இடம் அது. தலையைக் கவிழ்த்து, அச்சுத் தட்டின் சொரசொரப்பான பரப்பின்மேல் அச்சிட்டதால் துளைகளின் விளிம்பு சுத்தமாக வந்தது. அச்சில் துளை சற்றுச் சிறுத்தே வரும் என்பதால் வரைபடத்தில் 2.2 என்று கொடுத்தேன். பி.எல்.ஏ ஏறத்தாழ 60 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். அதனால் தலைக்கு மட்டும் ஏறத்தாழ 80 பாகை வரை தாங்கும் பி.இ.டி.ஜி. இழை.

மின்சார வேலையை 12 வோல்ட் அடாப்டரோடு நிறுத்திக்கொண்டேன்; நேரடி வீட்டு மின்சாரத்தை வீட்டில் அச்சிட்ட நெகிழிப் பெட்டிக்குள் கொண்டுவருவதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். 2700 கெல்வின் நிற வெப்பநிலையும் (மஞ்சள் கலந்த இதமான வெண்மை), பொருள்களின் நிறத்தை உள்ளபடி காட்டும் திறன் 90க்கு மேலும் உள்ள பட்டை. ஒளியைக் கூட்டிக் குறைக்க ஒரே ஒரு திருகு. சாதாரண மங்கலாக்கிச் சுற்றில் திருகைக் கொஞ்சம் நகர்த்தியதும் வெளிச்சம் பாய்ந்து ஏறி, மீதி முக்கால் சுற்றில் மாற்றமே தெரிவதில்லை. கண் ஒளியை நேர்விகிதத்தில் உணர்வதில்லை என்பதே காரணம். ஒரு சிறு நுண்கட்டுப்படுத்தியை (மைக்ரோகண்ட்ரோலர்) சேர்த்து, திருகின் நிலையை அதே எண்ணால் பெருக்கி, அதாவது வர்க்கமாக்கி, வெளியீடாகக் கொடுத்ததும் சுற்று முழுவதும் பயன்பட்டது. பட்டையை விரைவாக அணைத்து ஏற்றி ஒளியைக் குறைக்கும் துடிப்பின் அதிர்வெண்ணை 1000 ஹெர்ட்சுக்கு மேல் வைத்தால் இமைப்பு தொந்தரவு செய்வதில்லை.

விளக்கின் முகப்பில் ஒரே நிறப்புள்ளி அந்தத் திருகின்மேல் இருக்கிறது. திருகு 28 மி.மீ. விட்டம், 14 மி.மீ. உயரம், விளிம்பில் 1 மி.மீ. வளைவு. புள்ளியை அச்சிடாமல் 3 மி.மீ. அகலமும் அரை மி.மீ. ஆழமும் கொண்ட குழியாக்கினேன், இருட்டிலும் விரல் நிலையை அறிய வேண்டும் என்பதற்காக. எனாமல் வண்ணத்தில் ஒரு சொட்டை ஊசி முனையில் எடுத்துக் குழியின் நடுவில் வைத்தால் அது தானே பரவி விளிம்பில் நின்றுகொள்கிறது. தூரிகையால் அந்த வட்டம் வராது. வண்ணம் உலர்ந்தபின் அளவில் சற்றுச் சுருங்கிக் குழிவு மீதம் நிற்பதால் தொடு உணர்வும் கெடவில்லை. விலை குறைந்த மின்தடைத் திருகு தளர்வாகச் சுற்றும். திருகுக்கும் பெட்டிக்கும் இடையே மெல்லிய கம்பளி வளையம் ஒன்றை வைத்து, தண்டில் கொஞ்சம் தடித்த சிலிக்கான் பசை தடவியபின், சுற்றும்போது ஒரு கனம் வந்தது. கடிகாரத்தில் கண் செய்யும் வேலையை விளக்கில் கை செய்கிறது. இந்தக் கனம் வராமல் போயிருந்தால் மற்ற எல்லா அளவுகளும் சரியாக இருந்தும் பொருள் ஒப்பனையாகவே நின்றிருக்கும் என்பது என் கருத்து. திருகைச் சுற்றி எண்களோ 'குறைவு', 'மிகுதி' என்ற சொற்களோ எழுதவில்லை. சுற்றினால் தெரிந்துவிடுவதை எழுதிவைக்க வேண்டாம்.

பெட்டிகள் எளிய வேலை. திருகுகள், கம்பிகள், மின்கலங்கள் போன்றவற்றைப் போட்டுவைக்க, அதே சாம்பல் வெண்மையில் மூன்று மூடிப் பெட்டிகள். விளக்கின் அடிப்பெட்டியின் அளவையே எடுத்துக்கொண்டதால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். அவற்றில் எழுத்துத்தான் யோசிக்க வைத்தது. பிரௌன் முகப்புகளில் வரும் சிறிய லத்தீன் எழுத்துகளின் அமைதியைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது? தமிழ் எழுத்து அகலமானது. மேலே புள்ளியும் இகர விசிறியும், கீழே உகரச் சுழிகளும் நீள்வதால், ஒரே அளவில் வைத்தாலும் எழுத்தின் உடல் சிறுத்துத் தெரியும். கோட்டின் தடிமன் சீராக உள்ள முக்த மலர் எழுத்துருவை எடுத்து, எண்களுக்குக் கொடுத்ததைவிட ஓரளவு பெரிதாக வைத்தேன். மூன்று பெயர்களையும் அவற்றின் கற்பனைப் பெட்டியின் நடுவை வைத்து நிறுத்தினால், சுழிகள் கீழிறங்கும் 'திருகுகள்' மேலே தூக்கிக் காட்டுகிறது; கீழே எதுவும் நீளாத 'மின்கலங்கள்' இறங்கி நிற்கிறது. அடுக்கி வைக்கும்போது இந்த ஏற்ற இறக்கம் உடனே கண்ணில் படும். சுழியையும் விசிறியையும் கணக்கில் கொள்ளாமல், ககரத்தின் அடிக்கோடு எங்கே நிற்கிறதோ அதை மட்டும் மூன்று பெட்டிகளிலும் ஒரே உயரத்தில் வைத்தபின் வரிசை ஒழுங்காயிற்று. எழுத்து முகப்பின் நடுவில் இல்லாமல் இடப்பக்க விளிம்பை ஒட்டி நிற்கிறது. விளிம்பிலிருந்து அதன் தொலைவும் மூடிக் கோட்டிலிருந்து அதன் தொலைவும் ஒன்றே.

பெட்டிகளில் மஞ்சள் எங்கும் இல்லை. அவற்றில் இயங்கும் உறுப்பு எதுவும் இல்லாததால் நிறத்துக்கு வேலை இல்லை. மூடியைத் திறக்க விரல் நுழையும் குழிவு மட்டும் இன்னும் முடிவாகவில்லை: முன்புற விளிம்பில் 20 மி.மீ. அரைவட்டமாக வெட்டினால் அடுக்கும்போது தூசு நுழைகிறது; மூடியின் இரு பக்கமும் 2 மி.மீ. வெளியே நீட்டினால் பக்கச் சுவரின் நேர்க்கோடு கெடுகிறது. பக்கச் சுவரின் மேற்பகுதியை உள்ளே சாய்த்து மூடிக்குப் பிடி கொடுக்கும் மூன்றாவது வரைபடம் அச்சுக்குப் போகக் காத்திருக்கிறது.